வண்டி ஏன் கிளம்பியது? மேற்கே போன குடும்பங்களின் சிறார் கதைகளும் அவை சொல்லாமல் விட்டதும்

2018 ஜூன் 23 அன்று அமெரிக்காவில் ஒரு விருதின் பெயர் மாறியது. சிறார் இலக்கியத்தில் நெடுநாள் உழைத்தவர்களுக்காக 1954இல் தொடங்கிய 'லாரா இங்கல்ஸ் வைல்டர் விருது' அன்றிலிருந்து 'சிறார் இலக்கிய மரபு விருது' ஆனது. அமெரிக்க நூலகச் சங்கத்தின் சிறார் பிரிவு கூடி, ஒருமனதாக எடுத்த முடிவு இது. மேற்கே போன தன் குடும்பத்தைச் சிறார் நாவல்களாக எழுதிய லாராதான் முதல் விருதை வாங்கியவரே. அந்த நூல்கள் பூர்வகுடிகளையும் கறுப்பின மக்களையும் காட்டும் விதம்தான் பெயர் மாற்றத்துக்குக் காரணம். எந்தப் பெயரில் தொடங்கினார்களோ, அந்தப் பெயரையே எடுத்துவிட்டார்கள்.

அப்போது எழுந்த கேள்விகள் இன்னும் அடங்கவில்லை. லாராவின் கதைகளை மறுபடி தொடராக எடுக்கப்போவதாக 2025 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் அறிவித்ததும் அவை திரும்ப வந்தன. புத்தகத்தைத் தடை செய்துவிட்டார்களா? ஒரு சிறுமி அப்பா அம்மாவோடு வண்டியில் ஏறிப் புல்வெளிக்குப் போன கதையில் அப்படி என்ன குற்றம்? அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தானே எழுதினார்கள்?

புத்தகத்துக்குத் தடை எதுவும் இல்லை. நூலகங்களில் இருக்கிறது, கடைகளில் விற்கிறது. மற்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல, அந்த வண்டி எது, எங்கே போனது, ஏன் போனது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இந்த வகைக் கதைகளில் வண்டி ஓடுவதை எழுதிய அளவுக்கு அது ஏன் கிளம்பியது என்பதை எழுதுவதில்லை. பிரச்சினை முழுவதும் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

'முன்னோடி' என்ற சொல்

இந்தக் கதைகளில் வரும் மக்களை ஆங்கிலத்தில் 'பயனியர்' என்பார்கள். தமிழில் முன்னோடி என்று எழுதலாம். ஆனால் முன்னோடி என்றால் முதலில் போனவர் என்று பொருள். அவர்கள் போன இடங்களில் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். அதனால் இந்தக் கட்டுரையில் 'குடியேறிகள்' என்றே எழுதுகிறேன்.

இன்னொன்று: மேற்கே போன வண்டிகள் என்றதும் ஒரே பயணம் மனதில் வருகிறது. உண்மையில் அவை இரண்டு.

1. நெடும்பயணம். 1840களில் தொடங்கி 1860கள் வரை நடந்தது. மிசூரி ஆற்றங்கரை ஊர்களிலிருந்து ஓரிகன் அல்லது கலிபோர்னியா வரை. ஓரிகனுக்குச் சுமார் 3,200 கிலோமீட்டர், நான்கிலிருந்து ஆறு மாதம். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்த வழிகளில் போனார்கள். 1869 மே 10 அன்று யூட்டாவில் கிழக்கு ரயில் பாதையும் மேற்கு ரயில் பாதையும் இணைந்த பிறகு இதற்குத் தேவை குறைந்துவிட்டது.

2. நிலம் தேடிய குறும்பயணங்கள். கான்சஸ், மின்னசோட்டா, டகோட்டா போன்ற நடுப் புல்வெளிகளில் 1860களிலிருந்து 1880கள் வரை. ஒரே குடும்பம், ஒரே வண்டி, சில வாரப் பயணம். ஓரிடத்தில் சரிப்படாவிட்டால் வேறிடம்.

லாராவின் குடும்பம் இரண்டாவது வகை. பலரும் அவரை ஓரிகன் பாதையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வதற்கு ஊர்ப் பெயரும் ஒரு காரணம். ஓரிகன் பாதை தொடங்கியது மிசூரியில் உள்ள இன்டிபென்டன்ஸ். லாரா வீட்டுக்கு அருகில் இருந்தது கான்சஸில் உள்ள இன்டிபென்டன்ஸ். இரண்டும் வேறு ஊர்கள்.

வண்டிக்குள் என்ன இருந்தது

நெடும்பயண வண்டி படங்களில் காட்டுவதைவிடச் சிறியது. பெட்டி சுமார் 10 அடி நீளம், 4 அடி அகலம். மேலே வளைத்த மரக் கம்புகள், அவற்றின் மீது எண்ணெய் தடவிய கித்தான். நம் ஊர்க் கூண்டு வண்டியை நீட்டி வைத்தது போல இருக்கும். ஒரு டன் அளவுக்குச் சரக்கு ஏற்றலாம். ஓர் ஆளுக்கு 90 கிலோ மாவு, 70 கிலோ உப்பிட்ட பன்றிக்கறி எடுத்துக்கொள்ளச் சொல்லி அந்தக் கால வழிகாட்டி நூல்கள் எழுதின. ஐந்து பேர் குடும்பத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், வண்டி அதிலேயே நிறைந்துவிடும். அதனால் பெரும்பாலோர் வண்டியில் போகவில்லை, வண்டியோடு நடந்தார்கள். வண்டிக்கு அதிர்வைத் தாங்கும் வில்லும் (ஸ்பிரிங்) கிடையாது. உள்ளே உட்காருவதைவிட நடப்பதே மேல் என்று பலர் எழுதிவைத்திருக்கிறார்கள்.

இழுத்தவை பெரும்பாலும் எருதுகள். மெதுவாகப் போகும், ஒரு நாளில் 20, 25 கிலோமீட்டர்தான். ஆனால் வழியில் முளைத்த புல்லைத் தின்றே இழுக்கும், குதிரைக்குப் போல் தனியாகத் தானியம் சுமக்க வேண்டியதில்லை. பின் அச்சில் ஒரு வாளி தொங்கும். அதில் பைன் மரத் தாரும் விலங்குக் கொழுப்பும் கலந்த வண்டி மை. விறகு இல்லாத சமவெளியில் காட்டெருமைச் சாணம்தான் எரிபொருள். காய்ந்து கிடக்கும் எருவைப் பொறுக்கிவருவது பிள்ளைகளின் வேலை.

எத்தனை பேர் செத்தார்கள், எதனால்? கதைகளும் படங்களும் அம்பு மழையைக் காட்டிப் பழக்கிவிட்டன. வரலாற்றாசிரியர் ஜான் அன்ரூ, 1840 முதல் 1860 வரையிலான குறிப்புகளைத் தேடித் தொகுத்தார். அந்த 20 ஆண்டுகளில் பூர்வகுடிகள் கொன்ற குடியேறிகள் 362 பேர். குடியேறிகள் கொன்ற பூர்வகுடிகள் 426 பேர். காலரா கொன்றது இதைவிடப் பல மடங்கு, ஆயிரக்கணக்கில். அப்புறம் ஆற்றைக் கடக்கும்போது மூழ்கியவர்கள், தங்கள் துப்பாக்கியே தவறி வெடித்துச் செத்தவர்கள், சக்கரத்தில் விழுந்த பிள்ளைகள். ஓநாய் தோண்டிவிடக் கூடாது என்று சிலர் பிணத்தை வண்டித் தடத்திலேயே புதைத்து, அதன்மேல் வண்டிகளை ஓட்டிப் போனார்கள்.

இந்தக் கணக்கு முக்கியமானது. சிறார் நாவலில் ஆபத்து எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதைப் பிள்ளைகள் கவனித்துக்கொண்டே படிப்பார்கள். தண்ணீரிலிருந்து வந்த சாவை அம்பிலிருந்து வந்ததாக எழுதினால், யாரைக் கண்டு பயப்பட வேண்டும் என்று பிள்ளைக்குத் தவறாகக் கற்றுக்கொடுத்துவிடுகிறோம்.

நிலம் யாருடையது

இப்போது லாராவுக்கு வருவோம். அவர் பிறந்தது 1867 பிப்ரவரி 7, விஸ்கான்சினில். இரண்டு வயதுப் பிள்ளையாக இருக்கும்போது அப்பா சார்ல்ஸ் இங்கல்ஸ் குடும்பத்தைக் கான்சஸுக்குக் கொண்டுபோனார். 1869 முதல் 1871 வரை அங்கே இருந்தார்கள். 'லிட்டில் ஹவுஸ் ஆன் த ப்ரெய்ரி' என்ற 1935ஆம் ஆண்டுப் புத்தகம் இந்தக் காலத்தைப் பற்றியது.

1862இன் வீட்டுநிலச் சட்டம் தெரிந்தவர்கள், அரசு சும்மா கொடுத்த நிலத்தில்தான் அவர்களும் குடியேறினார்கள் என்று நினைப்பதுண்டு. அந்தச் சட்டப்படி 160 ஏக்கரில் வீடு கட்டி, உழுது, ஐந்து ஆண்டு குடியிருந்தால் நிலம் சொந்தம், சிறு கட்டணம் மட்டும். லாராவின் அப்பா பிற்பாடு டகோட்டாவில் இப்படித்தான் நிலம் வாங்கினார். கான்சஸ் விஷயம் வேறு. படிப்படியாகப் பார்க்கலாம்.

1. அவர்கள் வீடு கட்டிய இடம் ஓசேஜ் என்ற பூர்வகுடி மக்களின் ஒதுக்கீட்டு நிலம். அமெரிக்க அரசே 1865இல் ஒப்பந்தம் போட்டு, இது உங்களுடையது என்று எழுதிக் கொடுத்த பகுதி.

2. அங்கே வெளியார் குடியேற அனுமதி இல்லை. ஆனாலும் ஆயிரக்கணக்கானவர்கள் போய்க் குடிசை போட்டார்கள். இன்றைக்கு உட்கார்ந்துவிட்டால் நாளைக்கு அரசு நமக்கே பட்டா கொடுக்கும் என்ற கணக்கு அது. நம்மிடம் புறம்போக்கில் வீடு கட்டிவிட்டுப் பட்டா கேட்கிறவர்களோடு இதை ஒப்பிடத் தோன்றும். ஆனால் இது புறம்போக்கு அல்ல, அடுத்தவர் பட்டா நிலம்.

3. ஓசேஜ் மக்கள் ஆண்டுக்கு இருமுறை, கோடையிலும் குளிர்காலத்திலும், காட்டெருமை வேட்டைக்கு மேற்கே போவார்கள். அப்போது ஊர்கள் காலியாக இருக்கும். குடியேறிகள் கண்ட 'ஆளில்லா நிலம்' இப்படி வேட்டைக்குப் போனவர்களின் நிலமாகவும் இருந்தது. திரும்பி வந்தபோது விளைநிலங்கள் பறிபோயிருந்தன, கல்லறைகளைக்கூடத் தோண்டியிருந்தார்கள்.

4. 1870 ஜூலை 15இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. நிலத்தை ஏக்கர் 1.25 டாலருக்குக் குடியேறிகளுக்கு விற்று, பணத்தை ஓசேஜ் கணக்கில் சேர்ப்பது, ஓசேஜ் மக்கள் தெற்கே போய்விடுவது. அதே செப்டம்பரில் டிரம் க்ரீக் என்ற இடத்தில் கூடி ஓசேஜ் தலைவர்கள் இதற்குச் சம்மதித்தார்கள். சம்மதிக்காவிட்டாலும் நிலம் மிஞ்சப்போவதில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இவற்றுக்கெல்லாம் சாட்சியாக ஒரு தாள் இருக்கிறது. 1870 ஆகஸ்டில் மக்கள்தொகைக் கணக்கு எடுக்க வந்தவர் மான்ட்கோமரி மாவட்டத்தில் அந்த வீட்டுக்கும் போனார். குடும்பத் தலைவர் பெயரை 'இங்கிள்ஸ்' என்று எழுத்துப்பிழையோடு பதிந்தார். பிறந்து சில நாளே ஆன கைக்குழந்தை கேரி உட்பட எல்லோரையும் எண்ணினார். நிலத்தின் மதிப்பு எழுத வேண்டிய கட்டத்தை வெறுமனே விட்டுவிட்டு, காரணத்தையும் குறித்தார்: நிலம் ஓசேஜ் மக்களுடையது, குடியேறிகளுக்கு இதில் உரிமை இல்லை. புத்தகம் வெளிவருவதற்கு 65 ஆண்டுகளுக்கு முன்னால், ஓர் அரசு ஊழியர் தன் கையால் எழுதியது இது. 'அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது' என்பவர்களுக்கு நான் காட்டுவது இந்தக் கட்டத்தைத்தான்.

ஓசேஜ் கதை அதோடு முடியவில்லை. கான்சஸ் நிலத்தை விற்ற பணத்தில் இன்றைய ஓக்லஹோமாவில் சுமார் 15 லட்சம் ஏக்கரைச் செரோக்கீ மக்களிடமிருந்து அவர்கள் விலைக்கு வாங்கினார்கள். அதற்கு அடியில் எண்ணெய் இருந்தது. அந்தச் செல்வத்துக்காக 1920களில் அவர்களை ஒவ்வொருவராகக் கொன்றதைத்தான் 2023இல் மார்ட்டின் ஸ்கார்செசி படமாக எடுத்தார். அந்தப் படத்தைப் பார்த்த பலருக்கு, நாவலில் லாராவின் வீட்டு வாசலைக் கடந்து குதிரைகளில் வரிசையாகப் போகும் கூட்டமும் இதே மக்கள்தான் என்பது தெரியாது. கொலைகள் நடந்து பத்தே ஆண்டில் அந்தப் புத்தகம் வந்தது என்பதை நினைத்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

புத்தகம் எதை மாற்றியது

லாராவின் புத்தகங்கள் தன்வரலாறு அல்ல, நாவல்கள். 1930இல் அவர் பெரியவர்களுக்காக ஒரு தன்வரலாறு எழுதிப் பார்த்தார், பதிப்பகங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அதிலிருந்து பிறந்தவையே 1932 முதல் 1943 வரை வந்த எட்டு சிறார் நூல்கள். மகள் ரோஸ் வைல்டர் லேன் அவற்றைத் திருத்திச் செப்பனிட்டார். மூலத் தன்வரலாறு விரிவான குறிப்புகளோடு 2014இல் அச்சில் வந்தது. அதற்குப் பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எளிதாகிவிட்டது.

சில மாற்றங்கள் கதைக்காகச் செய்தவை, யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இரண்டு வயதுக் குழந்தையை விவரம் தெரிந்த சிறுமியாக்கினார். ஊரிலிருந்து 20 கிலோமீட்டர் சுற்றில் இருந்த வீட்டை 40 மைல், அதாவது 64 கிலோமீட்டர் தொலைவுக்குத் தள்ளினார். வேறு சில மாற்றங்கள் அப்படியல்ல.

புறப்பட்ட காரணத்தைப் பாருங்கள். அரசு ராணுவத்தை அனுப்பிக் குடியேறிகளைத் துரத்தப்போகிறது என்று கேள்விப்பட்ட அப்பா, கோபத்தோடு வண்டியைக் கட்டுகிறார் என்று நாவல் முடிகிறது. ஆனால் 1871 வசந்தத்தில், அவர்கள் கிளம்பும்போது, சட்டம் குடியேறிகள் பக்கம் திரும்பி எட்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஏக்கர் 1.25 டாலர் கொடுத்தால் நிலம் கிடைக்கும். 160 ஏக்கருக்கு 200 டாலர் வேண்டும். இன்னொரு பக்கம், விஸ்கான்சின் வீட்டை வாங்கியவர் மீதிப் பணத்தைக் கட்ட முடியாமல் வீட்டைத் திருப்பிக் கொடுத்தார். அதனால் குடும்பம் பழைய வீட்டுக்கே திரும்பியது. வண்டியைத் திருப்பியது ராணுவம் அல்ல, பாக்கிப் பணம்.

பணம்தான் இந்தத் தொடரில் அதிகம் மறைக்கப்பட்ட விஷயம் என்று நினைக்கிறேன். 1876இல் குடும்பம் மேற்கே போகவில்லை, கிழக்கே போனது. மின்னசோட்டாவில் வெட்டுக்கிளிகள் பயிரை அழித்த பிறகு, அயோவாவின் பர் ஓக் என்ற சிற்றூரில் ஒரு விடுதியில் வேலைக்குப் போனார்கள். போகும் வழியில் ஒன்பது மாத ஆண் குழந்தை இறந்தது. பர் ஓக்கிலிருந்து வாடகை பாக்கியைக் கட்ட முடியாமல் இரவோடிரவாகக் கிளம்பினார்கள். இந்த அத்தியாயம் நாவல்களில் இல்லை. மேற்கு நோக்கியே போகும் கதையில் கிழக்கே திரும்பிய வண்டிக்கு இடமில்லாமல் போயிற்று.

வெட்டுக்கிளி ஆண்டுகளில் சார்ல்ஸ், தன்னிடம் எதுவுமில்லை என்று எழுதிக் கொடுத்து அரசு நிவாரண மாவை வாங்கியிருக்கிறார். அதுவும் நாவல்களில் இல்லை. பார்வை இழந்த அக்கா மேரி அயோவாவின் பார்வையற்றோர் கல்லூரியில் படித்ததற்கு டகோட்டா ஆட்சிப் பகுதி பணம் கட்டியது. நாவலில், குடும்பமே பாடுபட்டுச் சேர்த்து அனுப்புகிறது. லாராவின் உழைப்பு பொய்யல்ல. பதினைந்து வயதில் தெரியாத ஊருக்குப் போய்ப் பள்ளிக்கூடம் நடத்தினார். ஆனால் அரசின் கை ஒவ்வொரு இடத்திலும் அழிக்கப்படுகிறது. மகள் ரோஸுக்கு 1930களின் அரசு நலத் திட்டங்கள் அறவே பிடிக்காது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். யாரையும் சாராமல் தன் கையால் பிழைத்த குடும்பம் என்ற படம் அந்தப் பத்தாண்டில் வரையப்பட்டது. நிலம், ரயில், நிவாரணம், படிப்பு எல்லாவற்றிலும் அரசு இருந்தது. அந்த நிலத்தைக் காலி செய்து கொடுத்ததும் அரசுதான்.

ஏழு அனாதைகள், இரண்டு முடிவுகள்

நெடும்பயணக் கதைகளிலும் இதே வெட்டு வேலை நடக்கிறது. 1844இல் சேகர் குடும்பம் ஓரிகனுக்குக் கிளம்பியது. வழியில் ஏழாவது குழந்தை பிறந்தது. ஒன்பது வயது கேதரின், ஓடும் வண்டியிலிருந்து வழக்கம்போலக் குதித்தபோது பாவாடை கோடாலிப் பிடியில் மாட்டிக்கொண்டது. சக்கரம் காலின்மேல் ஏறியது. அப்பா ஹென்றி தானே எலும்பைச் சேர்த்துக் கட்டினார். சில வாரத்தில் அவர் காய்ச்சலில் இறந்தார். ஒரு மாதத்துக்குள் அம்மா நவோமியும் போய்ச் சேர்ந்தார். ஏழு பிள்ளைகள் அனாதையானார்கள்.

1949இல் டச்சு எழுத்தாளர் ஆன் ருட்கர்ஸ் வான் டெர் லூஃப் இதை நாவலாக்கினார். பல மொழிகளுக்குப் போன நாவல் அது. அதில் மூத்தவன் ஜான், தம்பி தங்கைகளைக் கூட்டிக்கொண்டு, பெரியவர் துணையில்லாமல் காட்டையும் மலையையும் கடக்கிறான். படிக்கும் பிள்ளைக்கு மூச்சு முட்டும். ஆனால் நடந்தது அப்படியல்ல. கேதரின் பெரியவளான பிறகு எழுதிய குறிப்பில், வண்டிக் கூட்டமே அவர்களைக் காப்பாற்றியது தெரிகிறது. வண்டித் தலைவர் வில்லியம் ஷா குடும்பம் சாப்பாட்டைப் பகிர்ந்தது. ஒரு ஜெர்மானிய மருத்துவர் வண்டியை ஓட்டிக்கொண்டு கடைசிவரை வந்தார். கைக்குழந்தையை மற்ற பெண்கள் பார்த்துக்கொண்டார்கள்.

எனக்கு உண்மைக் கதைதான் பெரிதாகத் தெரிகிறது. தன் பிள்ளைகளுக்கே மாவு தீர்ந்துகொண்டிருக்கும்போது அடுத்தவர் பிள்ளைக்குப் பங்கு கொடுத்த மனிதர்கள் அதில் இருக்கிறார்கள். தனி வீரம் தேடிய நாவலுக்கு அவர்கள் தேவைப்படவில்லை.

முடிவையும் கவனியுங்கள். பிள்ளைகள் ஒயிலட்பு என்ற இடத்தில் மார்கஸ் விட்மன், நார்சிசா விட்மன் தம்பதியின் மிஷனுக்கு வந்து சேர்வதோடு நாவல் நிற்கிறது. மூன்று ஆண்டு கழித்து, வண்டிக் கூட்டங்களோடு வந்த தட்டம்மை அங்கிருந்த கய்யூஸ் என்ற பூர்வகுடி மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேரைக் கொன்றது. மருத்துவரான விட்மனிடம் சிகிச்சைக்கு வந்த வெள்ளையர் பிள்ளைகள் பலர் பிழைத்தார்கள், தங்கள் பிள்ளைகள் செத்தார்கள். இதைப் பார்த்தவர்களில் சிலர் 1847 நவம்பர் 29இல் மிஷனைத் தாக்கினார்கள். விட்மன் தம்பதியோடு ஜான் சேகரும் தம்பி பிரான்சிஸும் கொல்லப்பட்டார்கள். தங்கை லூயிசா சில நாளில் தட்டம்மையில் இறந்தாள். 1850இல் கய்யூஸ் ஆண்கள் ஐந்து பேரைத் தூக்கிலிட்டார்கள்.

பத்து வயதுப் பிள்ளைக்கு இவ்வளவையும் சொல்ல வேண்டுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வந்து சேர்ந்ததோடு நிறுத்தினால், நோய் வந்த வழியும் வண்டித் தடம்தான் என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

ஒரு வாக்கியம், பதினெட்டு ஆண்டு

1935 பதிப்பின் முதல் அத்தியாயத்தில், மேற்கின் புல்வெளியைப் பற்றி ஒரு வரி இருந்தது: அங்கே மனிதர்கள் இல்லை, இந்தியர்கள் மட்டுமே வாழ்ந்தார்கள் என்ற பொருளில். இந்தியர்கள் என்று அந்த நூல் சொல்வது அமெரிக்கப் பூர்வகுடிகளை. பதினேழு ஆண்டு அது யார் கண்ணையும் உறுத்தவில்லை. 1952இல் ஒரு வாசகர் பதிப்பகத்துக்கு எழுதினார். கடிதம் பதிப்பாசிரியர் அர்சுலா நார்ட்ஸ்ட்ரமிடம் போனது. தனக்கே இது தோன்றாமல் போனதே என்று அவர் வருந்தினார். லாராவும், இது தன் முட்டாள்தனமான பிழை, இந்தியர்களும் மனிதர்களே என்று பதில் எழுதினார். 1953இல் கார்த் வில்லியம்ஸின் புதிய படங்களோடு வந்த பதிப்பில் 'மனிதர்கள்' என்பது 'குடியேறிகள்' ஆனது.

சரி, திருத்திவிட்டார்களே, பிறகென்ன? ஒரு சொல் மாறியது, கதை நிற்கும் இடம் மாறவில்லை. செத்த இந்தியனே நல்ல இந்தியன் என்ற வசனம் அந்த நூலில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை வருகிறது. சொல்வது பக்கத்து வீட்டார், அப்பா அதை ஒத்துக்கொள்வதில்லை. இதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் வகுப்பில் சத்தமாக வாசிக்கும்போது அந்த வரி ஒரு பூர்வகுடிப் பிள்ளையின் காதில் எப்படி விழும்? 1998இல் மின்னசோட்டாவில் டகோட்டா இனப் பிள்ளை ஒருத்தி பள்ளியிலிருந்து அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தாள். அந்தத் தாயின் முறையீட்டிலிருந்து விவாதம் பெரிதானது. ஓசேஜ் ஆட்கள் வீட்டுக்குள் வந்து சாப்பாடும் புகையிலையும் எடுத்துப் போவதை நூல் திருட்டாகக் காட்டுகிறது. தங்கள் நிலத்தில் உட்கார்ந்தவரிடம் குத்தகைபோலக் கேட்ட பங்கு என்று வரலாற்றாசிரியர்கள் விளக்குகிறார்கள். பிற்பட்ட ஒரு நூலில் அப்பாவும் நண்பர்களும் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கேலி செய்து ஆடும் காட்சியும் உண்டு. இத்தனைக்கும், கான்சஸில் முறைக்காய்ச்சலில் கிடந்த அந்தக் குடும்பத்தைப் பிழைக்கவைத்தவர் டாக்டர் ஜார்ஜ் டான் என்ற கறுப்பின மருத்துவர். அவரை லாரா மரியாதையோடு எழுதியிருக்கிறார்.

2018 முடிவு இவற்றைப் பற்றியது. விருதின் பெயர் என்பது, இவரைப் போல எழுதுங்கள் என்று ஒரு சங்கம் சொல்வது. நூலகத்தில் புத்தகம் இருப்பது, இதைப் படித்துப் பாருங்கள் என்று சொல்வது. இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டதால்தான் தடை என்ற பேச்சு வந்தது. பெயரை எடுத்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். புத்தகத்தை எடுத்திருந்தால் எதிர்த்திருப்பேன்.

எதிர்ப்பதற்குக் காரணம் அந்த நூலுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு இரவு லாரா அப்பாவிடம் கேட்கிறாள்: அரசு இந்தியர்களை மேற்கே அனுப்பிவிடுமா? ஆமாம் என்கிறார். வெள்ளையர் வரும் இடத்திலிருந்து அவர்கள் போகத்தான் வேண்டும், அதனால்தான் நாம் முன்னாடியே வந்து நல்ல நிலமாகப் பிடித்திருக்கிறோம் என்கிறார். அவள் விடவில்லை. இது இந்தியர் நிலம் என்று நினைத்தேனே, போகச் சொன்னால் அவர்களுக்குக் கோபம் வராதா என்று தொடங்குகிறாள். கேள்வி முடிவதற்குள், போதும், தூங்கு என்று சொல்லிவிடுகிறார்.

அறுபது வயதைத் தாண்டிய பிறகு இந்த இடத்தை எழுதிய பெண் அந்தக் கேள்வியை அழிக்கவில்லை. பதில் இல்லாமலே அப்படியே வைத்திருக்கிறார்.

கேள்வியை எடுத்துக்கொண்டவர்கள்

பதில் வேறு எழுத்தாளர்களிடமிருந்து வந்தது. ஓஜிப்வே என்ற பூர்வகுடி மரபில் வந்த லூயிஸ் எர்ட்ரிக் 1999இல் ஒரு நாவல் எழுதினார். 1847இல், சுப்பீரியர் ஏரியில் உள்ள ஒரு தீவில் வாழும் ஒமகாயாஸ் என்ற ஏழு வயதுச் சிறுமியின் ஓராண்டு. சர்க்கரை காய்ச்சுவது, தோல் பதனிடுவது, குளிர்காலத்தில் பெரியம்மை வருவது என்று வீட்டுக்குள்ளிருந்தே எழுதப்பட்டது. லாராவின் நூல்களில் பிள்ளைகளுக்குப் பிடித்த அன்றாட வேலைகளின் இனிமை அப்படியே இதில் உண்டு. பார்க்கும் கண் மட்டும் மறுபக்கத்தில். 2020இல் லிண்டா சூ பார்க், டகோட்டாவுக்கு வரும் பாதி சீனச் சிறுமி ஒருத்தியை வைத்து 1880ஐ எழுதினார். அவளும் வண்டியில்தான் வருகிறாள். ஆனால் ஊர் அவளை வரவேற்கவில்லை.

பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறவர்களுக்கு என் யோசனை இதுதான்: லாராவையும் எர்ட்ரிக்கையும் அடுத்தடுத்து வாசியுங்கள். கேள்வி வரும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த அப்பா சொன்னதுபோல் தூங்கச் சொல்லிவிடாதீர்கள்.

எர்ட்ரிக்கின் தொடர் முதல் நூலோடு நிற்கவில்லை. 1850இல் ஓஜிப்வே மக்களை ஏரிக்கரையிலிருந்து மேற்கே போகச் சொல்லி உத்தரவு வந்தது. அந்த ஆண்டு, அரசு தர வேண்டிய பணத்தை மின்னசோட்டாவின் சாண்டி லேக்கில் தருவதாகச் சொல்லி வரவழைத்துப் பனிக்காலத்தில் காக்கவைத்ததில் சுமார் 400 பேர் இறந்தார்கள். அடுத்தடுத்த நூல்களில் ஒமகாயாஸின் குடும்பமும் மேற்கே நகர்கிறது. அவள் வளர்ந்து, அவள் பிள்ளைகளின் காலத்தில் அவர்களும் சமவெளிக்கு வந்து சேர்கிறார்கள். அங்கே ஓடியவை ரெட் ரிவர் வண்டிகள். எருது பூட்டியவை, முழுக்க மரத்தாலானவை, இரும்பு ஆணிகூடக் கிடையாது. மை போட்டால் புல்வெளித் தூசி ஒட்டிச் சக்கரம் இறுகிவிடும் என்று அச்சுக்கு மையே போட மாட்டார்கள். அந்த வண்டிகள் கிளம்பினால், மரம் மரத்தில் உரசும் கிரீச்சொலி பல கிலோமீட்டருக்கு அப்பால் வரை கேட்கும்.